கடைசிப் பாட்டில் வரும் மூச்சு

உங்கள் மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, ஐயா. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன 'டிக்' வருகிறது. இந்த அறையில் வருடக்கணக்காக உட்காருகிறவர்களுக்கு அது காதில் விழாது. எனக்கு உள்ளே நுழைந்ததுமே விழுந்துவிட்டது. குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கேட்பதுதான் என் பிழைப்பு.

நாங்கள் மூன்று பேர். ஒலிப்பதிவு என் பொறுப்பு. பாடுகிறவன் என் நண்பனாக இருந்து, பிறகு என் தங்கையைக் கட்டிக்கொண்டு மச்சான் ஆனவன். மூன்றாமவன் குழாய், தகரம், பீப்பாய் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் சுத்தியலால் அடிப்பான். அவனுக்குச் சம்மட்டி என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொழிற்சாலைச் சத்தத்தை வைத்துப் பாட்டுக் கட்டுவது எங்கள் இசை. கல்யாண வீட்டுக்கு யாரும் எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் முதல் தொகுப்பின் பெயர் 'துரு'. இளவட்டமாக இருந்தபோது, மூடிக்கிடந்த ஒரு சாய ஆலைக்குள் பதிவு செய்தது. அப்போது அதை வாங்க ஆளில்லை. பிற்பாடு மச்சான் இதமான பாட்டுகளாகப் பாடிப் பேர் வாங்கினான். சோப்பு விளம்பரத்துக்குக்கூடப் பாடினான். போன வருடம் யாரோ ஒரு புண்ணியவான் 'துரு'வை எடுத்து இணையத்தில் போட்டான். அன்றிலிருந்து கருத்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. நான் பல் துலக்குவதற்கு முன்பே அவற்றைப் படித்துவிடுவேன்.

சலவை இயந்திரத்தில் கருங்கல்லைப் போட்டுச் சுற்றவிட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மாமியார் வந்தால் இதைத்தான் போடுகிறேன், சீக்கிரம் கிளம்பிவிடுகிறார் என்று இன்னொருவர். நான் கோபப்படவில்லை, சிரித்தேன். ஆனால் கடைசிப் பாட்டைப் பற்றி எழுதும்போது மட்டும் யாரும் கிண்டல் செய்வதில்லை. இரும்புத் தொட்டிக்குள் அடைபட்ட ஒருவன் பாடுகிறான், வார்த்தைகள் தீர்ந்துபோகின்றன, பிறகு மூச்சு மட்டும் கேட்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து தன்னால் லிஃப்டில் ஏற முடியவில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அதைப் படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மூச்சைப் பிடித்தவன் நான் அல்லவா.

அப்புறம்தான் தகரக்காதன் என்ற பெயரில் ஒருவர் வந்தார். இருக்கிறதிலேயே குறைந்த மதிப்பெண்ணாக ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு இப்படி எழுதியிருந்தார்: "மூச்சு நடிப்பு. உயிருக்குப் பயந்தவன் இவ்வளவு அளந்து மூச்சு விட மாட்டான். உள்ளே இருக்கிற ஆள் சௌகரியமாக இருக்கிறார்." அதற்கு ஏகப்பட்ட பேர் தலையாட்டியிருந்தார்கள்.

நான் மரியாதையாகத்தான் பதில் எழுதினேன். நீளமாகவும் எழுதினேன். பிறகு மதியம் சாப்பிடும்போது மச்சானிடம் காட்டினேன். நான் அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். சாப்பாடு தங்கை கையால்தான்.

மச்சான் படித்துவிட்டுச் சிரித்தான். "ஆளு கரெக்டா சொல்லியிருக்கான் மச்சான். நடிப்புதானே? நான் உள்ளே காலை நீட்டி உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்தேன்."

"பொய் சொல்லாதே. மூடி மூடியிருந்தது."

"எங்கே மூடியிருந்துச்சு? சம்மட்டி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வெச்சிருந்தான். காத்து ஜிலுஜிலுன்னு வந்துச்சு. நீதான் அந்தக் கோடியில காதை மூடிக்கிட்டு உக்காந்திருந்தியே."

தங்கையும் சிரித்தாள். "ஏண்ணே, உனக்கு இது இப்பத்தான் தெரியுமா?"

எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஐயா. அந்த மூச்சை நம்பி நான் வாழ்ந்திருக்கிறேன். வேலை கிடைக்காத காலத்தில், கட்டிக்கொள்ள வந்தவள் வேண்டாம் என்று போன காலத்தில், நிஜமான ஒன்றை ஒருமுறையாவது பிடித்திருக்கிறோம் என்று அதைத்தான் போட்டுக் கேட்பேன். அது பிஸ்கட் மென்றுகொண்டே விட்ட மூச்சு. எனக்கு வலித்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

'துரு'வைத் திருத்தி மறுபடி வெளியிடலாம், கடைசிப் பாட்டை மட்டும் புதிதாகப் பதிவு செய்யலாம் என்றேன். மச்சான் உடனே ஒத்துக்கொண்டான். அவன் நல்லவன். "உன் ஆசைக்கு ஒரு தடவை, மச்சான்" என்றான்.

எங்கள் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். பதிவு நடக்கும்போது ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிகிறவரை யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. விளக்கை அணைப்பவன் நான் ஒருவன்தான். ஒலி தானாக அடங்கிய பிறகே அணைப்பேன். ஆரம்பத்தில் சம்மட்டி ஒருமுறை தும்மிவிட்டான் என்பதற்காக அவனோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு விளக்கு எரிந்தால் அவன் சிலைதான்.

தொட்டிக்கும் ஒரு முறை உண்டு. ஆலையின் பழைய காவலாளி அந்தக் காலத்திலேயே சொல்லிக் கொடுத்தார். மூடிக்கிடக்கும் இரும்புத் தொட்டியில் துரு காற்றைத் தின்றுவிடும். முதல் நாளே மூடியைத் தூக்கிவைத்து, காற்று நன்றாகப் போய்வந்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். திறந்துவைப்பது எப்போதும் என் வேலை.

அன்றைக்கு நல்ல வெயில். ஆலைக்குள் புறாக்கள் இருந்தன. அவற்றை விரட்டுவதற்கே நேரம் போய்விட்டது. தொட்டிமேல் ஏறிக்கொண்டே மச்சான் கேட்டான்: "திறந்து வெச்சிருந்தியா மச்சான்?"

"நேத்தே திறந்தாச்சு" என்றேன்.

முழுப் பொய் இல்லை, ஐயா. முதல் நாள் போய் நட்டுகளை எல்லாம் கழற்றியிருந்தேன். மூடியைத் தூக்கவில்லை. அடைபட்ட காற்றுக்கு ஒரு கனம் உண்டு. வெளிக்காற்று கலந்துவிட்டால் அது போய்விடும். குரல் வெறும் தகரமாகிவிடும். இதை எந்த ஒலிப்பதிவாளரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சம்மட்டி வழக்கம்போல ஒரு கட்டையைக் கொண்டுவந்தான். இடுக்கில் காற்று விசிலடிக்கும், எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டான். பிஸ்கட் ஏதும் இருக்கிறதா என்று மச்சானின் சட்டைப்பையை நான் தடவிப் பார்த்தேன்.

"சோதனை போடுறான் பாரு" என்று மச்சான் சிரித்தான். "சரி, மூச்சு முட்டினா தட்டுவேன். திறந்துடுங்கப்பா."

நன்றாகப் பாடினான். விளம்பரங்களுக்குப் பாடிப் பாடிக் குழைந்துபோயிருந்த குரலில் பழைய கரகரப்பு திரும்ப வந்தது. இரண்டாம் அடியிலேயே வார்த்தைகள் குழற ஆரம்பித்தன. பிறகு மூச்சு வந்தது. அளக்காத மூச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தகரக்காதன் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அதற்குப் பிறகு உள்ளேயிருந்து தட்டும் சத்தம் வந்தது. மூன்று வேகமாக, கொஞ்சம் இடைவெளி விட்டு ஒன்று. மறுபடியும் அதே போல. சம்மட்டி பாதி எழுந்துவிட்டான். என்னைப் பார்த்தான். நான் சிவப்பு விளக்கைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டான். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள், ஐயா. அவன் முறைப்படி நடந்துகொண்டான்.

ஒலி முழுவதும் அடங்கிய பிறகு விளக்கை அணைத்தேன். மூடியை இரண்டு பேருமாகத்தான் தூக்கினோம்.

விபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். தட்டியதையும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்துவிட்டோம் என்று சொன்னேன். சம்மட்டி அழுதுகொண்டே தலையாட்டினான். நானும் அழுதேன், நடிக்கவில்லை. அவனைப் போல எனக்கு இன்னொரு நண்பன் கிடையாது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவன் நினைவாக என்று பாட்டை வெளியிட்டேன். கருத்துகள் வந்து குவிந்தன. தகரக்காதன் எல்லா நட்சத்திரங்களும் கொடுத்து ஒரே வரி எழுதியிருந்தார்: "இது நிஜம். என்னை மன்னியுங்கள்." பெரிய மனுஷன்தான்.

தங்கை மட்டும் கேட்காமலேயே இருந்தாள். போன வாரம் மாடிக்கு வந்தாள். "அவர் கடைசியாப் பாடினதைக் கேக்கணும்ணே" என்றாள். அவள் தலையில் ஹெட்ஃபோனை நானே மாட்டிவிட்டேன். அவளும் ரசிப்பாள் என்றுதான் நினைத்தேன். பாட்டு முழுக்க அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தட்டு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அண்ணே, இது துண்டு கேக்குற தட்டு."

"என்னது?"

"குளிக்கப் போறப்ப என்னைக்கும் துண்டை மறந்துடுவார். உள்ளேயிருந்து இப்படித்தான் தட்டுவார். மூணு, அப்புறம் ஒண்ணு. கதவைத் திறன்னு அர்த்தம். மாடியில இருக்கிற உனக்குந்தான் தினம் கேக்குமே."

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். அதை எத்தனையோ ஆயிரம் பேர் கேட்டார்கள். சரியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கு அதில் பெருமைதான், என் தங்கை அல்லவா.

நீங்களும் கேட்டீர்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். அதனால் உங்களிடம் மறைக்க விருப்பமில்லை. அந்தத் தட்டுக்கு அர்த்தம் தெரியுமா, தெரியாதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பாட்டில் சேர்த்தி என்று நினைத்தேன் என்றுதான் இதுவரை சொல்லிவந்தேன். எனக்கே அது உண்மையாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது. ஆனால் பதிவு பொய் சொல்லாது. கூர்ந்து கேட்டால் கடைசியில் பின்னணி இரைச்சல் மெல்ல மெல்ல ஏறுவது உங்களுக்கே தெரியும். தட்டு மெலியத் தொடங்கியதும் நான் ஒலி அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். கூட்டியிருக்காவிட்டால் அவனுடைய கடைசித் தட்டு யாருக்கும் கேட்டிருக்காது.