பூட்டு உடைக்காத பிரதி

— இல்ல இத்ரூஸ் நானா, படம் ஓடுது. படத்துல ஒரு கொறையும் இல்ல. கடைசியில வர்ற துண்டுதான் இல்ல.

— எனத்த துண்டு, செல்லச்சாமி அண்ணே? வெள்ளக்காரன் குதிரையில ஏறிப் போறான், பேரெல்லாம் மேல ஓடுது, முடிஞ்சி. அதுக்கு மேல எனத்த வேணும்?

— அந்தப் படத்த எப்பிடி எடுத்தாங்கன்னு தனியா காட்டுவாங்களே. சீகிரியா கல்லுக்கு கீழ கெமரா, லைட்டு, ஆளுக ஓடுறது… அது.

— அதா. அது நான் போடல்ல.

— போடலயா?

— ஒரிஜினல் டிஸ்க் எட்டு ஜீபி. நான் தந்த டிஸ்க் நாலரதான் புடிக்கும். கொப்பி பண்ணேலாம டிஸ்க்கில போட்டு வச்ச பூட்ட ஒடச்சி, படத்த மட்டும் எடுத்து அடிச்சி தந்தேன். மாத்தளயில எந்தக் கடைக்கு போனாலும் அப்பிடித்தான். மத்த குப்பையெல்லாம் யாரு பாக்குற?

— நான் பாப்பேன்.

— த்ரீவீல் ஓட்டுறது போதாதுன்னு கெமரா வேலையும் படிக்கப் போறீங்களா?

— வீட்ல கேக்குறாங்க… சுந்தரம்மாவுக்கு பாக்கணுமாம்.

— சீகிரியாவ பாக்க டீவி எனத்துக்கு? ஒங்கட வண்டியில ஏத்திக்கிட்டுப் போங்க. படியேறத்தான் அக்காவுக்கு கொஞ்சம் கஷ்டம்.

— வெளையாடாதீங்க நானா.

— சரி, ஒரிஜினல கொண்டாங்க. இன்னொருக்கா எடுத்துத் தாறேன்.

— அது யஹ்யாவோடது. சீகிரியா ஹோட்டல்ல வேல பாத்தாரே. படக்காரங்க அவருக்கு அனுப்பி வச்ச டிஸ்க்கு. முந்தாநாளு கட்டாருக்கு போயிட்டாரு, அதையும் பெட்டியில போட்டுக்கிட்டு.

— தபால்ல அனுப்பச் சொல்லுங்க.

— வர ஒரு மாசமாகும். எனக்கு திங்கக்கெழமைக்குள்ள வேணும்.

— திங்கக்கெழம எனத்த? அக்காவுக்கு பொறந்த நாளா?

— …ஒங்க கம்பியூட்டர்ல இருக்குமே. மொதல்ல முழுசா உள்ள இழுத்துட்டுதானே வெட்டுனீங்க. நான் பக்கத்துலதான் ஒக்காந்திருந்தேன்.

— இழுத்தேன். பூட்டோட, முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா இழுத்து வைக்கிற. அதுக்குப் பொறகுதான் பூட்ட ஒடைக்கிற. வேல முடிஞ்சா அழிச்சிருவேன். இந்தச் சின்ன ஹார்ட் டிஸ்க்கில எல்லாத்தையும் வச்சிக்கிட்டு ஈக்கேலுமா?

— அழிச்சிட்டீங்களா?

— அழிச்சிட்டேன்.

— ஒருக்கா பாருங்களேன்.

— பாக்க எனத்த ஈக்கு. இந்தா, நீங்களே பாருங்க. இது பாட்டு. இது பழைய படம். இது ரவூப் மாஸ்டர்ட டியூசன் பேப்பர்…

— இது என்னா, இம்புட்டு பெருசா? எட்டு ஜீபிகிட்ட காட்டுது.

— அது ஹமீமா கலியாணம்.

— ஹமீமாவா? ஒங்க மகளா?

— ஓ.

— நல்லா இருக்கு நானா. மகள கட்டிக் குடுத்துட்டு ஒரு வார்த்த சொல்லல. புரியாணி வேணாம், ஒரு கரண்டி வட்டிலாப்பம் கூடவா நமக்கு இல்ல?

— சின்னதாத்தான் செஞ்ச. சொந்தக்காரங்க மட்டும்.

— கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன், மாப்பிள்ளைய பாப்போம்.

— பொம்புளகள் பக்கம் எடுத்தது. வெளி ஆம்புளகளுக்கு காட்டேலா. ஒங்களுக்கு தெரியாதா?

— அதுஞ் சரிதான். நான் கடைசியா பாத்தப்ப சின்னப் புள்ள… கையில ஐஸ்பழம் வச்சுக்கிட்டு நின்னுச்சு.

— புள்ளைகள் வளந்துரும்தானே.

— ஆமா… வளந்துருதுங்க.

— எனத்த, மொகம் ஒரு மாதிரி போகுது?

— ஒண்ணுமில்ல.

— செல்லண்ணே, யாருக்கு வேணும் அந்தத் துண்டு?

— சொன்னேனே. சுந்தரம்மாவுக்கு.

— அக்காவுக்கு, அதுவும் திங்கக்கெழமைக்குள்ள. யாராவது அனுப்பினாங்களா ஒங்கள?

— என்னைய யாரு அனுப்பப் போறா?

— போன கெழம ரெண்டு பேர் வந்தாங்க. சிவில் உடுப்பு போட்ட பொலிஸ். செல்லச்சாமி இங்க எனத்த கொப்பி பண்ணினார்னு கேட்டாங்க.

— நீங்க… என்னா சொன்னீங்க?

— வெள்ளக்காரப் படம்னு சொன்னேன். போட்டும் காட்டினேன். குதிர வரைக்கும் பாத்தாங்க. கம்பியூட்டரையும் கொஞ்சம் கிண்டிட்டு, டீ குடிச்சிட்டுப் போனாங்க.

— அப்ப ஒங்களுக்கு விசயம் தெரியும்.

— நீங்க சொன்னாத்தான் எனக்கு தெரியும்.

— அழகையாவ புடிச்சிட்டாங்க நானா. எம் மகன…

— எப்ப?

— இன்னையோட பதினாறு நாளு. தம்புள்ளயில பஸ்ஸ விட்டு எறக்கி. போன வருசம் மார்ச் பதினாலாந் தேதி, வில்கமுவ பக்கம் இயக்கத்து ஆளுகள ஆத்தக் கடத்தி விட்டானாம். அவன் அந்தப் பக்கமே போனதில்ல.

— அண்டைக்கு எங்க ஈந்தான்?

— சீகிரியாவுல. படக்காரங்களுக்கு வெளிச்சம் அடிக்கிற வெள்ளத் தகடு புடிச்சுக்கிட்டு. அந்தத் துண்டுல கீழ தேதி விழுகும் நானா. யஹ்யா வீட்டுல பாத்தோம். மார்ச் பதினாலு. இவன் தகடத் தூக்கிட்டு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான். நாள் பூரா அந்த எடத்த விட்டு நகரல.

— கூட வேல செஞ்சவங்க சாட்சி சொல்ல மாட்டாங்களா?

— இந்தக் காலத்துல யாரு நானா வாயத் தெறப்பா?

— லோயர் எனத்த சொன்னார்?

— நேத்துதான் கேட்டாரு. திங்கக்கெழம கேஸு. அந்த எடத்த மட்டும் வெட்டிக் கொண்டு போனா, தேதிய நாமளே போட்டதுன்னு சொல்லிருவாங்களாம். டிஸ்க்கு எப்பிடி வந்துச்சோ அப்பிடியே, யாரு கையும் படாம வேணுமாம்.

— பூட்டு ஒடைக்காம.

— அதேதான். நான் எங்கிட்ட முழு கொப்பி இருக்குன்னு நெனச்சு, யஹ்யா போறப்ப டிஸ்க்க திருப்பிக் குடுத்துட்டேன். வீட்டுல போட்டுப் பாத்தா குதிரயோட நிக்குது.

— வந்த ஒடனயே சொல்லியிருக்கலாமே.

— சொன்னா வெளிய போகச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். லயத்து வீட்டு வரிசையில பக்கத்துக் காம்பராக்காரங்களே எங்களக் கண்டா கதவ சாத்துறாங்க. சரி நானா, அழிச்சது அழிச்சதுதான். ஒங்க மேல தப்பில்ல. நான் வர்றேன். மகளுக்கு வாழ்த்து சொன்னேன்னு சொல்லுங்க.

— ஒக்காருங்க. அந்த மேச லாச்சியில ஒரு சின்ன ஸ்குரூ ட்ரைவர் ஈக்கு, எடுங்க.

— எதுக்கு?

— ஹார்ட் டிஸ்க்க கழட்டணும். பூட்டோட ஈக்குறத வெறும் டிஸ்க்கில அடிச்சா ஓடாது. இத அப்பிடியே லோயர்ட மேசையில கொண்டு போய் வைங்க. அவர்ட கம்பியூட்டர்ல மாட்டினா ஓடும்.

— ஒங்க கட சாமானெல்லாம் அதுலதானே இருக்கு… அதுல என்னா ஓடும்? நீங்கதான் அழிச்சிட்டீங்களே?

— ஹமீமா ஒம்பதாம் வகுப்பு படிக்கிறா, செல்லண்ணே. அவளுக்கு எங்க கலியாணம்? அழகையாவ கொண்டு போன அண்டைக்கே எனக்கு தெரியும். வெட்டக்குள்ள அந்தத் துண்ட நானும் பாத்தேன், அதான் அழிக்கல்ல. ஃபைலுக்கு அந்தப் பேர நான்தான் வச்சேன். வந்த ரெண்டு பேரும் ஒங்கள மாதிரித்தான், பொம்புளகள்ட வீடியோன்னு சொன்னதும் தொறக்கல்ல… நீங்க யார்ட பேச்சில வந்தீங்கன்னு தெரியாமத்தான் ஒங்களுக்கும் பொய் சொன்னேன். அதுக்குள்ள ஈக்குறது ஒங்கட மகன்.