படுத்துப் பார்க்கச் சொன்ன பெரியக்கா

மேடையில் அமர்ந்திருக்கும் விடுதி உரிமையாளர் ஐயா அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, படுக்கை விரிப்போர், பரிமாறுவோர், பாத்திரம் துலக்குவோர் என இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் பெரியக்காவின் மகளே! வரவேற்பு மேசைக்காரனின் வணக்கம். வந்தவர்களை "வாங்க வாங்க" என்றே பழகிய வாய் இது. வழியனுப்பச் சொன்னால் தடுமாறுகிறது.

நம் அறைப் பராமரிப்புத் தலைவி, நாம் எல்லோரும் பெரியக்கா என்றழைத்த அந்த அம்மையார் மறைந்துவிட்டார். மனம் நம்புகிறதா? இன்று காலை மாடி நடையில் திரைச்சீலை அசைந்தது. அவர்தான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்து, "அக்கா, டீ வந்துருச்சு" என்று குரல் கொடுத்தேன். காற்றுதான் வந்தது.

அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் யாராவது முதல் நாளை மறந்திருக்கிறீர்களா? படுக்கையை விரிக்கச் சொல்வார். விரித்ததும், "செருப்பக் கழட்டிட்டு அதுல படு" என்பார். புதிதாக வந்தவள் கூச்சத்தில் நெளிவாள். "அட, படும்மா! நீ நின்னுக்கிட்டுப் பாக்குற. வர்றவங்க படுத்துக்கிட்டுல்ல பாக்குறாங்க? மேல என்ன தெரியுது, சொல்லு!" ஒட்டடை தெரியும். கண்ணைக் குத்தும் விளக்கு தெரியும். சிலருக்குத் தங்கள் வீடே தெரிந்திருக்கிறது. எழுந்ததும் அந்த விரிப்பை உருவிவிட்டுப் புது விரிப்புப் போடவேண்டும். ஆள் வராத பருவத்தின் மதியங்களில் ஏதாவதொரு காலி அறையில், திரைச்சீலையின் நீல வெளிச்சத்தில், ஒருத்தி கண்மூடிக் கிடப்பாள். விடுதியே கனவு காண்பது போலிருக்கும். நான் சாவியைக்கூடச் சத்தமில்லாமல்தான் மாட்டுவேன்.

தோழர்களே, நம் தொழில் விடுமுறை வந்தால் பெருகும், போனால் வற்றும். கூட்டம் வந்தால் கூப்பிடுவார்கள். கூட்டம் போனால் கறிவேப்பிலை போல எடுத்துப் போடுவார்கள். நோய்த்தொற்றில் ஊரே அடைந்து கிடந்த காலத்தில் இந்தக் கதவுகளும் மூடின. திறந்தபோது நம்மில் பாதிப் பேரைக் காணவில்லை! பொட்டலம் கட்டவும் வண்டி ஓட்டவும் போய்விட்டார்கள். பெரியக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். "எதுக்குக்கா வரணும்? ஆள் வரத்து குறைஞ்சா மறுபடியும் வீட்டுக்குப் போன்னுவாங்க" என்றாள் ஒருத்தி. "நான் இருக்குற வரைக்கும் யாரையும் அனுப்ப விடமாட்டேன். வேலை குறைஞ்சா எல்லாரும் பாதிப் பாதி பாப்போம்" என்றார் பெரியக்கா. சொன்னபடியே, மந்தமான மாதங்களில் முதலில் தன் வேலையையும் சம்பளத்தையும்தான் பாதியாக்கிக்கொண்டார்.

"நான் இருக்குற வரைக்கும்" என்றாரே! இப்போது அவர் இல்லையே!

மாநிலமெங்கும் புதுப்புது விடுதிகள் எழும்புகின்றன, வேலைவாய்ப்பு பெருகுகிறது என்கிறார்கள். பெருகட்டும்! ஆனால் அது என்ன வேலை? இன்றைக்கு வா, நாளைக்குத் தெரியாது என்கிற வேலை. பெரியக்காவின் இடத்துக்கு இனி ஆள் எடுப்பதில்லை, அறை வேலை முழுவதையும் வெளி ஒப்பந்தக்காரரிடம் விடப்போகிறோம் என்று ஐயா அவர்கள் நேற்று என்னிடம் சொன்னார்கள். எல்லா விடுதியிலும் இப்போது அப்படித்தான் என்றார்கள்.

ஐயா, துக்கம் கேட்க வந்த இடத்தில் வம்பு வளர்க்க நான் எழவில்லை. ஒரு கதை சொல்லிவிட்டு அமர்கிறேன்.

முன்னொரு காலத்தில், முதலாளியின் மகன் ஒருவர், தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொள்ளப் பெரியக்காவிடம் வந்தார். அவரையும் படுக்கை விரிக்கச் சொன்னார். அவரையும் படுக்கச் சொன்னார். படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார்! கீழே அந்த அறைக்கு விருந்தினர் வந்து காத்திருந்தார். நான் மாடிக்கு ஓடினேன். பெரியக்கா வாசலில் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மா போனதுலேருந்து புள்ள கண்ணே மூடல. வந்தவருக்கு வேற ரூம் குடு" என்றார். அன்று அந்தத் தளத்தில் தள்ளுவண்டி உருளவில்லை. இதோ அமர்ந்திருக்கும் பெண்கள் துணிகளைத் தோளில் சுமந்து வெறுங்காலோடு நடந்தார்கள்.

ஐயா, தாங்கள் பொழுது சாயும்வரை தூங்கினீர்கள்.

பெரியக்காவே! வேலை குறைந்தால் பாதிப் பாதி பார்ப்போம், ஒருவரையும் விடமாட்டோம். உங்கள் மகள் அறிய இது எங்கள் உறுதி! ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மாடிக்கு வாருங்கள். அதே அறையில் புது விரிப்பு விரித்து வைத்திருக்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை படுத்துப் பாருங்கள்.

கண் அசந்துவிட்டால் கவலை வேண்டாம் ஐயா. நாங்கள் எழுப்பமாட்டோம்.