மேஜைமேல் மூன்று பொருள்கள்

காபி டேபிள்மேல் காபி வைக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. டம்ளருக்கு அடியில் கோஸ்டர் இல்லாமல் வைக்க வேண்டாம் என்றேன். பிறகு, அந்த கோஸ்டர் மேஜைக்குப் பொருந்தவில்லை என்று எடுத்துவிட்டேன். இரண்டும் வேறு வேறு நாளில் நடந்தவை. சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு மாதிரித் தெரியும்.

எங்கள் குடியிருப்பை நிர்வகிக்கும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எட்டு வாரமாகக் கெல்லரில் ஓர் ஆள் வசிப்பதாகப் புகாராம். காபி வாசனையும் சிரிப்புச் சத்தமும் வருகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வேண்டுமாம். கெல்லர் என்பது கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கியிருக்கிற, மரச்சட்டம் அடித்த சாமான் அறை. சைக்கிள் வைக்கலாம், பழைய பெட்டி வைக்கலாம். புருஷனை வைக்கலாமா என்று விதிகளில் தேடினேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விளக்கத்தை ஜெர்மனில் கொடுக்க வேண்டும். ஆனால் ஜெர்மனில் எனக்கு விண்ணப்பம் எழுதத்தான் வரும், நடந்ததைச் சொல்ல வராது. அதனால் முதலில் தமிழில் எழுதுகிறேன்.

என் பெயர் நிருபமா, சொந்த ஊர் ஈரோடு. பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியின் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை. ஓர் இடத்தில் பிசகு இருந்தால் என் கண்ணுக்குத் தப்பாது. அதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். கணவர் பாலமுருகனும் ஐடிதான். நல்ல மனுஷன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இடம் கிடைக்காமல் போகலாம்.

இந்த ஊருக்கு வந்த முதல் ஐந்து வருஷம் எங்களுக்கு டீப்பாய் என்று ஒன்று கிடையாது. விமானத்தில் கொண்டுவந்த நீலச் சூட்கேஸைப் படுக்கப் போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து வைத்திருந்தோம். சோறு, காபி, லேப்டாப் எல்லாம் அதன்மேல்தான். ஒருமுறை வீட்டுக்கு வந்த ஒருத்தி, "இன்னும் பெட்டியையே பிரிக்கலையா?" என்று கேட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சுருக்கென்கிறது. போன வருஷம் பெரிய வீட்டுக்கு மாறியதும் நான் முதலில் வாங்கியது ஓக் மரத்தில் ஒரு வட்ட காபி டேபிள். அது வந்து இறங்கிய அன்று அழுதுவிட்டேன். பாலமுருகன் சூட்கேஸைத் தூக்கிக் கெல்லரில் கொண்டுபோய்ப் போட்டார்.

மேஜையை எப்படி அலங்கரிப்பது என்று சொல்லிக் கொடுத்தவள் மைதிலி. எங்கள் தமிழ்ப் பெண்களின் வாட்ஸப் குழுவில் வீட்டு அலங்காரத்துக்கு அவள் வைத்ததுதான் சட்டம். ஒரு தட்டு, அதில் மூன்று பொருள், மூன்றும் வேறு வேறு உயரம். எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், இரட்டைப்படை கண்ணை உறுத்தும் என்றாள். எனக்கு அது புதிதாகவே படவில்லை. கொலுப்படியை மூன்று, ஐந்து, ஏழு என்றுதானே கட்டுகிறோம்? இடமில்லை என்று எங்கள் வீட்டில் நாலு படி கட்டிய வருஷம் சின்ன அத்தைக்குக் கால் முறிந்தது. மைதிலியிடம் அதைச் சொன்னேன். "பார்த்தியா" என்றாள்.

என் மூன்று பொருள்கள் இவை. புத்தக அடுக்கு ஒன்று, ஏற்றாத மெழுகுவத்தி ஒன்று, ஜாடியில் நிற்கும் காய்ந்த குச்சி ஒன்று. புத்தகங்களை முதுகின் நிறத்துக்காக வாங்கினேன். மேலே இருப்பது நார்வே மொழியில் ஆடுகளைப் பற்றியது. பாலமுருகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குச்சியைத்தான் பார்த்தார்.

"இதைக் காசு குடுத்தா வாங்கினே? பார்க்ல சும்மாவே கிடக்குமேடி."

அவருடைய சாமான்களும் அந்த மேஜைமேல்தான் கிடந்தன. எவர்சில்வர் டம்ளர்-டபரா ஜோடி ஒன்று, டிவி ரிமோட், மிக்சர் டப்பா, நகவெட்டி, படிக்கிற கண்ணாடி. மூன்றோடு அவற்றைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள், எட்டு வரும். நாளுக்கு ஒன்றாகக் கெல்லருக்குக் கொண்டுபோனேன். எதையும் தூக்கி எறியவில்லை, நான் கல்நெஞ்சக்காரி இல்லை. பழைய சூட்கேஸ்மேல் வரிசையாக அடுக்கி வைத்தேன். ரிமோட் கீழே போனபிறகு டிவியைப் போட முடியவில்லை. கறுப்புத் திரையும் ஓர் அழகுதான்.

"நிரு, என் கண்ணாடி எங்க?"

"கெல்லர்ல."

"மிக்சர்?"

"அதுவும் அங்கதான்."

கண்ணாடியை எடுக்கப் போனவர் மிக்சரைத் தின்றுவிட்டு வந்தார். மறுவாரம் ஒரு மடக்கு நாற்காலியைக் கையோடு கொண்டுபோனார். நான் அவரை அனுப்பவில்லை. அவர் சாமான்கள் அங்கே இருந்தன, அவரும் அங்கே இருந்தார்.

இனி, எட்டு வாரத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமை. என் மேஜையைப் படம் எடுத்து எல்லோருக்கும் காட்ட மூன்று மணிக்கு வருவதாக மைதிலி சொல்லியிருந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதல்நாளே நாங்கள் இருவரும் சோபாவில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தும் எதுவோ உறுத்தியது. பெரிதாக்கி எண்ணினேன். மேஜையில் மூன்று, சோபாவில் தலையணை ஐந்து, ஆள் இரண்டு.

ஞாயிறு சாப்பிட்டதும் அவர் லுங்கியோடு கீழே போய்விட்டார். படம் எடுக்கும்போது அதே லுங்கியோடு மேலே வந்து நிற்பார் என்று எனக்குப் பயம். மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இறங்கிப் போனேன். கெல்லர்க் கதவில் பூட்டு திறந்தபடி தொங்கியது. அழுத்தினேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னடி பண்றே?"

"அரை மணி நேரம்தான்."

"சொல்லியிருந்தா நானே இங்க இருந்திருப்பேன்ல" என்றார். அந்த வார்த்தை எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மேலே அழைப்புமணி அடித்துவிட்டது.

மைதிலி நாலு மணி நேரம் இருந்தாள். "அண்ணா எங்க?" என்று கேட்டாள். "வெளிய" என்றேன். வீட்டுக்கு வெளியேதான் இருந்தார், அது பொய்யில்லை. மேஜையில் இடம் இல்லாததால் இருவரும் சமையலறையில் நின்றபடி காபி குடித்தோம். கெல்லர் விளக்கு மூன்று நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும், சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கிறது. இது எனக்கு இரண்டாவது காபியின்போது நினைவு வந்தது.

ஐந்து மணிக்குக் கீழ்வீட்டு ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை வந்து கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கெல்லருக்குப் போனவர்.

"பிள்ளை, உங்கட அவர் உள்ளுக்கை இருக்கிறார். லைட்டும் நூந்து போச்சு. சட்டத்துக்குள்ளால தேத்தண்ணி குடுத்தனான். திறப்பு உங்களிட்டையோ?"

சாவி என் பையில் இருந்தது. உள்ளே மைதிலி ஜன்னல் வெளிச்சத்துக்காக மேஜையைச் சற்றுத் திருப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு படம் பாக்கி.

"தேடிப் பார்க்கறேண்ணே" என்றேன்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் குற்றம் என்பீர்கள், அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் தேடவில்லை. ஏழு மணிக்கு மைதிலியைத் தெருவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் பூட்டைத் திறந்தேன். படத்துக்கு இருநூற்றுப் பதினோரு இதயக்குறிகள் வந்தன. அதுவும் ஒற்றைப்படை.

பாலமுருகன் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து தூங்கவும் குளிக்கவும் மட்டும் மேலே வருகிறார். கீழே ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணையும், எஸ்-பான் ரயில் ஓட்டுகிற இரண்டாம் மாடி லோறன்ஸும் துணை. சோபாவில் நான் ஒருத்தி. வீடு பார்க்க நன்றாக இருக்கிறது. சாப்பிடும்போது பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆடுகளைப் பற்றிய புத்தகத்தில் இப்போது எனக்கு எல்லா ஆட்டையும் தெரியும்.

நேற்று இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டி, "போதும், மேல வந்துடுங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

"கீழ வந்து எங்ககூட உக்காந்து ஒரு காபி குடி நிரு. குடிச்சிட்டா, நாளைக்கே நாற்காலியைத் தூக்கிட்டு மேல வந்துடறேன். இல்லேன்னா வெள்ளிக்கிழமை அண்ணை வீட்டுக்குப் போயிடறேன். ஒரு ரூம் சும்மா கிடக்குதாம்."

போனேன். அதே நீலச் சூட்கேஸ், அதே துண்டு. சுற்றி மூன்று பேர், எனக்கென்று ஒரு நாற்காலி. லோறன்ஸ் எழுந்து அதைத் துடைத்துவிட்டார். சூட்கேஸ்மேல் ஆவி பறக்க நாலு டம்ளர்.

"நாலாவது யாருக்கு?"

"உனக்குத்தான்" என்றார் பாலமுருகன்.

"ஓம் பிள்ளை, எட்டுக் கிழமையா வைக்கிறம்" என்றார் அண்ணை. "ஆறினாப்பிறகு நான்தான் குடிக்கிறனான்."

உட்கார்ந்தேன். நிஜமாகவே குடிக்கத்தான் கை நீட்டினேன். அந்த வாசனைக்காக எட்டு வாரம் ஏங்கியிருக்கிறேன். ஆனால் மறுபடி எண்ணினேன். எத்தனை தடவை எண்ணினாலும் நாலுதான் வந்தது.

என் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தேன். எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தேன். பாலமுருகன் தரையிலிருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். படியேறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சூட்கேஸ்மேல் மூன்று டம்ளர். மூன்றும் ஒரே உயரம் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.