சித்திரைக்கு மூன்று நாள்

நான்கு வாரமாக இந்தப் பெண்ணின் முதுகில் கட்டைவிரலை ஊன்றுகிறேன். மூச்சு வெளியே போகும்போதுதான் அழுத்த வேண்டும். ஷியாட்சு என்னும் இந்த அழுத்த வைத்தியத்தில் அதுதான் முதல் பாடம். இன்று செம்மொழி மூச்சை விடவே மாட்டேன் என்கிறாள். ஒன்பது மாத வயிற்றோடு ஒருக்களித்துப் படுத்து எதையோ அடக்கி வைத்திருக்கிறாள். பாய் ஓரத்தில் அவள் மாமியார் நீலாம்பாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

— மூச்ச விடு செம்மொழி.

— விட்டுட்டுதான்க்கா இருக்கேன்.

— எங்க விடற? முதுகு பலகையா கெடக்கு.

— எண்ணெயே இல்லாம, துணிக்கு மேலயே அழுத்தினா எப்படி ஈஸ்வரி எளகும்? உளுந்து அடிச்ச கைக்கு நாங்க நல்லெண்ணெய்தான் தேய்ப்போம்.

— இது ஜப்பான்காரங்க முறைம்மா, எண்ணெய் கெடையாது. உங்க மருமவளுக்கு வலி கொறஞ்சு தூக்கம் வருதா இல்லையா, அதச் சொல்லுங்க.

— வருது, வருது. கொறட்டையே விடுறா. வேற ஒண்ணு கேக்கணும் உன்ன.

— கேளுங்க.

— மொத நாள் கணுக்காலுக்கு மேல ஒரு எடத்தக் காட்டுன. மாசமா இருக்கவங்களுக்கு இங்க மட்டும் தொட மாட்டேன், வலி எடுத்துடலாம்னு.

— நீங்க பயப்படக் கூடாதேன்னு சொன்னேன்.

— இன்னிக்கு அங்க கொஞ்சம் அழுத்தி விடேன்.

— ஏம்மா?

— பங்குனி முடிய மூணு நாள்தான் இருக்கு. டாக்டரம்மா குடுத்த தேதி சித்திரை எட்டுல வருது. சித்திரைப் பிள்ளை அப்பன் குடிக்கு ஆகாதும்பாங்க.

— டீச்சர் வேலை பாக்கற பொண்ண வச்சுக்கிட்டு இதக் கேக்கறீங்களே. இதுல அவ வாயே தொறக்கலங்கறதுக்காக நீங்களே முடிவு பண்ணுவீங்களா?

— நானா? ஏம்மா செம்மொழி, நீயே சொல்லேன்.

— அத்தைக்கு இதுல இஷ்டமே இல்லக்கா. நான்தான் கேக்கச் சொன்னேன்.

— நீயா?

— நான் சித்திரைல பொறந்தவ. எனக்கு மூணு மாசம் இருக்கப்ப, வயல்ல அறுந்து கெடந்த கரண்டு கம்பிய மிதிச்சு அப்பா போயிட்டாங்க. என் கல்யாணப் பந்தியிலகூட ஒருத்தி சொன்னா, அப்பன முழுங்கினவன்னு. மூடநம்பிக்கைன்னு பிள்ளைங்களுக்கு நாந்தான் பாடம் நடத்தறேன். ஆனா அந்தச் சொல்ல என் பிள்ளை கேக்கக் கூடாதுக்கா.

— அழுத்தினா வலி வரும்னு நிச்சயம் கெடையாது. ஏடாகூடமா ஏதாவது ஆனா நிறுத்தறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. டாக்டரம்மா முதுகுக்கு மட்டும்தான் சரின்னாங்க.

— ஒரே ஒரு தடவை. யாருட்டயும் சொல்ல மாட்டேன். இந்தாங்க, கால நீட்டிட்டேன்.

— அம்மா, அந்தப் போர்வைய எடுத்து அவ கணுக்கால் மறையற மாதிரி போத்தி விடுங்க. செம்மொழி, மெதுவா அந்தப் பக்கம் திரும்பிப் படு. முதுகுல இடது பக்கம் இன்னும் பாக்கல.