மொப்பி பெரிதாகக் கூடாது

மீன் என்றால் எனக்குச் சாப்பிடக்கூட அவ்வளவாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவது பெரும்பாலும் ஒரு மீனைப் பற்றியது. விசாரணையில் ஐயா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மாசி மாதம் சுவிசிலிருந்து பிரதீபா எங்கள் நிலையத்துக்குப் போன் எடுத்தபோது பதில் சொன்னது யார் என்று கேட்டீர்கள். எழுதித் தரச் சொன்னீர்கள். மீனை விட்டுவிட்டு எழுதினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

என் பெயர் நிமலினி. வயது ஐம்பத்திரண்டு. உரும்பிராயில் அப்பா கட்டிய வீட்டில் தனியே இருக்கிறேன். அண்ணை கனடாவில். ஞாயிறு பின்னேரங்களில் போன் எடுப்பார், மழை பெய்ததா என்று கேட்பார், வைத்துவிடுவார். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் தாதியாக இந்த நிலையத்தில் பதினாறு வருடம். நாலு கட்டில், நாலு மெஷின். மெஷின்களைப் பார்க்க றெஜி இருக்கிறார். மருத்துவர் கிழமைக்கு இரண்டு நாள் வந்துபோவார். மற்றபடி அங்கே நான்தான்.

ஜெயசுதன் புத்தூரிலிருந்து வந்தவர். முதல் நாள் வந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். திங்கள், புதன், வெள்ளி, காலையில் நாலு மணித்தியாலம், யன்னலோரக் கட்டில். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கையால் போனைப் பிடித்து ஏதோ விளையாடிக்கொண்டிருப்பார். நோயாளிகள் பாட்டுக் கேட்பார்கள், தூங்குவார்கள், கடவுளைத் திட்டுவார்கள். விளையாடுகிறவரை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அது விலங்குகளைப் பிடித்து வளர்த்து, மற்றவர்களுடையதோடு சண்டைக்கு விடுகிற விளையாட்டு. எண்ணூறுக்கு மேல் விலங்குகள் இருக்கின்றனவாம். நெருப்புக் கக்கும் பல்லி, காதில் மின்னல் வைத்திருக்கும் முயல் என்று கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானவற்றைத்தான் எல்லாரும் வைத்திருப்பார்கள். ஜெயசுதன் வைத்திருந்தது மொப்பி. மொப்பி ஒரு மீன். சாம்பல் நிறம், உருண்டை உடம்பு, ஒரேயொரு மீசை மயிர், தூக்கம் போதாத கண். அதற்குத் தெரிந்த ஒரே வித்தை குமிழி விடுவது. குமிழி பட்டு எந்த விலங்கும் விழுந்ததாக நான் அறியவில்லை.

மொப்பியை வளர்ப்பது பெரிய கரைச்சல். சண்டையில் அது வளராது. இன்னொருவருடைய மொப்பியோடு ஒரே குளத்தில் விட்டால்தான் வளரும். அந்தக் குளமும் இரண்டு போன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் திறக்கும். அதனால்தான் ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்.

“மிஸ், உங்கடை போனிலையும் இதைப் போட்டு விடட்டே? எனக்குப் பக்கத்திலை ஒரு ஆள் வேணும்.”

பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று என்னிடம் யாரும் சொல்லிப் பல வருடம். நான் போனைக் கொடுத்தேன். றெஜி பார்த்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் மிஸ் மீன் வளர்க்கத் தொடங்கிவிட்டார் என்று எல்லாக் கட்டிலுக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டேன். அன்றிலிருந்து வேலை ஓய்ந்த நேரமெல்லாம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்காருவேன். அவருடைய மொப்பியும் என்னுடைய மொப்பியும் குளத்தில் சுற்றிச் சுற்றி வரும். அவர் ஒரு நாளைக்கு அரை லீற்றர் தண்ணீர்தான் குடிக்கலாம். “எனக்கு அரைப் போத்தில், உதுக்கு ஒரு குளம்” என்று மீனைக் காட்டிச் சொல்வார். நான் ஒரு சின்ன ஐஸ் கட்டியை அவர் வாயில் வைப்பேன். செவ்வாய், வியாழன் எனக்கு நீளமான நாட்களாகத் தெரியத் தொடங்கின. சனி ஞாயிறு பற்றி எழுத வேண்டியதில்லை.

வளர்ச்சியில் முப்பதாம் படிக்கு வந்ததும் மொப்பியின் உடம்பு வெளிச்சம் போடும். அப்படியே விட்டால் இறகு முளைத்துப் பெரிய மீனாகிக் கடலுக்குப் போய்விடும். கடலுக்குப் போனது திரும்பக் குளத்துக்கு வராது. வேண்டாமென்றால் பத்து விநாடிக்குள் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சம் அடங்கி, பழையபடி குமிழி விடும். அடுத்த முறை குளம் திறந்ததும் திரும்ப வெளிச்சம் போடும், திரும்ப அழுத்த வேண்டும். ஜெயசுதன் ஒவ்வொரு முறையும் அழுத்தினார். ஏன் என்று கேட்டேன். பெரிதானால் போய்விடும், இருக்கட்டும் என்றார். நானும் என்னுடையதை நிறுத்தினேன். ஐயா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மீனை வளரவிடாமல் நிறுத்தும் பழக்கத்தைத் தொடங்கியவர் அவர், நானல்ல.

இரண்டு வருடம் அப்படிப் போனது. அதன்பிறகு அவருடைய அக்கா பிரதீபா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். கொழும்பில் எல்லாம் சோதித்துப் பார்த்து, பொருந்துகிறது என்றார்கள். ஒப்பரேஷனுக்கு நாளும் வைத்தாயிற்று. அந்தக் கிழமை அவருடைய அம்மா கேதீஸ்வரி பயத்தம் பணியாரம் செய்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பிரதீபாவுக்கு முப்பத்திமூன்று வயது. சுவிசிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கம், படித்த பள்ளிக்கூடம், கோயில் ஐயர் என்று ஒருவரையும் விட மாட்டார்கள். கேதீஸ்வரி மாப்பிள்ளை வீட்டாரிடம் மகனுக்குப் பிரசர் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஒப்பரேஷனைக் கலியாணத்துக்கு முன் முடித்து, தழும்புக்கு வேறு காரணம் சொல்வதாக ஏற்பாடு.

“ஆரும் விசாரிச்சு வந்தா நீங்கள் பிரசர் எண்டு மட்டும் சொல்லுங்கோ மிஸ். நீங்கள் சொன்னா நம்புவினம்” என்றார்.

பணியாரத்தை வாங்கி வைத்தேன். ஓம் என்றேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜெயசுதன் அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கையில் ஊசி, மற்றக் கையில் பிரசர் பார்க்கும் பட்டி இறுகிக்கொண்டிருந்ததால் அவருடைய போனையும் நான்தான் பிடித்திருந்தேன். குளம் திறந்தது. அவருடைய மொப்பி வெளிச்சம் போட்டது.

“இண்டைக்கு அமத்தாதையுங்கோ மிஸ். பெரிசாகட்டும். நானும் போகப்போறன்தானே.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தார். மறைக்க ஒன்றுமில்லை. நான் பொத்தானை அழுத்திவிட்டேன். கை தவறிப் பட்டுவிட்டது, தம்பி என்றேன். பரவாயில்லை மிஸ், திங்கள் பார்ப்பம் என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், யாரையும் நோகடிக்க மாட்டார்.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளையின் பெரியம்மா மீனாம்பிகை சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி என் வீட்டைத் தேடி வந்தார். குடையை மடித்து வைத்துவிட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீரா, முருங்கை காய்க்கிறதா என்று சுற்றிவளைத்துக் கதைத்தார். தேத்தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் அந்தக் குடும்பத்தில் வருத்தம் துன்பம் ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் அதிகம் கதைக்கவில்லை.

“தம்பிக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யேல்லை. பிள்ளை தன்ரை ஒண்டைக் குடுக்கப்போறா. கலியாணத்துக்கு முதல் முடிச்சுப்போட வேணும் எண்டு நிக்கினம்.”

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. நோயாளியின் விஷயத்தை வெளியில் சொன்னேன் என்று ஐயா என்னைக் குற்றம் சொல்லலாம். சொல்லுங்கள். உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டால் அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிய குடும்பம்தான் எங்களுடையது.

மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறிக்கவில்லை. முறிக்க மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பிரதீபா படித்த பிள்ளை, பார்க்கவும் லட்சணம். பெண்ணின் உடம்பில் கத்தி படக் கூடாது, கலியாணம் அடுத்த மாதமே நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். பிரதீபா தனக்குக் கலியாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். கேதீஸ்வரி இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் கிடந்து அழுதார். எல்லாவற்றையும் முடித்துவைத்தவர் ஜெயசுதன். கொழும்பு மருத்துவரிடம் தனக்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

“அக்கா இவ்வளவு காலமும் எனக்காண்டி வீட்டிலை இருந்தவ, மிஸ். இனியும் அவவிட்டை எடுக்கேலாது.”

இப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆயிரத்துக்கு மேற்பட்ட மணித்தியாலம் ஒருவரின் பக்கத்தில் இருந்தால் அவர் எந்த இடத்தில் என்ன சொல்வார் என்று தெரிந்துவிடும். தாய்க்குத் தெரியாதது தாதிக்குத் தெரியும். பிரதீபா அழுதுகொண்டே மணவறையில் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். திங்கள் வந்தது. ஜெயசுதனும் வந்தார். பொத்தானை அவரே அழுத்தினார். பெரிதாகட்டும் என்ற கதையை அதன்பிறகு எடுக்கவில்லை.

அடுத்த ஒன்றரை வருடம்தான் நான் சந்தோஷமாக இருந்த காலம். அவரும் அப்படி இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் மெலிந்தார், கடையைக் கைவிட்டார், படி ஏறும்போது மூச்சு வாங்கினார். ஆனால் குளத்தைத் திறந்தால் முகம் தெளியும். பிறந்தநாளுக்கு அவருக்கு உப்பில்லாமல் கேக் செய்துகொண்டு போனேன். ஒரு துண்டு சாப்பிட்டார்.

பிறகுதான் அந்த மாசி மாதம். றெஜி பின்பக்கம் தண்ணீர் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த போன் அடித்தது. மறுபக்கத்தில் பிரதீபா. என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை. நானும் என் பெயரைச் சொல்லவில்லை. தன் மனுசன் சம்மதித்துவிட்டார், ஆனி மாதம் வந்து சிறுநீரகம் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன், தம்பியிடம் இப்போது சொல்ல வேண்டாம், சொன்னால் மறுத்துவிடுவான், முதலில் மருத்துவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவர் கதைக்கும்போதே அழுவது கேட்டது. யன்னலோரக் கட்டிலில் ஜெயசுதன் போனை வயிற்றில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அவருக்கு வேறை ஆள் பொருந்தியிருக்கு. அம்மான்ரை பக்கத்துச் சொந்தமாம். உங்கடை வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டு கேட்டவர். நீங்கள் இதைப் பற்றிக் கதைச்சா அவர் அதையும் வேண்டாம் எண்டிடுவார்.”

பிரதீபா கடவுளுக்கு நன்றி சொன்னார். எனக்கும் சொன்னார்.

அதன்பிறகு பிரதீபா தம்பிக்குப் போன் எடுக்கும்போதெல்லாம் பனி, கடை, பக்கத்து வீட்டுப் பூனை என்று சிரித்துச் சிரித்துக் கதைத்திருக்கிறார். சிறுநீரகம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. காரியம் கெட்டுவிடக் கூடாது என்ற பயம். ஜெயசுதன் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் வேண்டாம் என்றவருக்கும் இன்னொரு முறை கேட்டால் நல்லது போலிருக்கும். பங்குனியில் ஒரு நாள், “அக்கா மறந்திட்டா, மிஸ். அது நல்லதுதானே” என்றார். அதற்கு அடுத்த முறையிலிருந்து போனைக் கொண்டுவரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கதிரையைப் போட்டு உட்கார்ந்து என் போனில் குளத்தைத் திறந்து பார்ப்பேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று திரையில் எழுத்து வரும். அவர் இதோ இருக்கிறார், ஒரு முழத்துக்குள் இருக்கிறார், என்றாலும் அப்படித்தான் வரும்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதயம் நின்று இறந்தார். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடைவெளி கூடுதல், அந்த நாட்களில்தான் இவர்களுக்கு ஆபத்து. என் கையில் இருந்த நாளில் அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்த பிரதீபா, அந்த இன்னொரு ஆள் யார் என்று தாயிடம் கேட்டிருக்கிறார். தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. அதிலிருந்துதான் முறைப்பாடு உங்கள் சபைக்கு வந்தது. போன் எடுப்பது வழக்கமாக றெஜியின் வேலை என்பதால், ஆண் குரலா பெண் குரலா என்றுகூடக் கேளாமல் அவரை மூன்று கிழமையாக வீட்டில் இருத்தியிருக்கிறீர்கள். மத்தியானச் சாப்பாட்டை நான் தனியே இருந்து சாப்பிட வேண்டியிருக்கிறது. அது எனக்குச் சரிவரவில்லை. ஆகவே எழுதுகிறேன். போனை எடுத்தது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். சொல்லும்போதே, சிறுநீரகம் கிடைக்காவிட்டால் அவர் எவ்வளவு காலம் இருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். பதினாறு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன்.

நேற்றுக் கேதீஸ்வரி உங்களுக்கு முன்னால் வைத்து, என்ரை பிள்ளைக்கு உன்னிலை என்ன கோபம், ஏன் கடைசிவரை உன்னோடை கதைக்கேல்லை என்று என்னைக் கேட்டார். கோபம் ஒன்றும் இல்லை. அந்த நாலு மாதமும் அவர் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் திங்கள், புதன், வெள்ளி ஒரு நாள்கூடத் தவறவில்லை. வெயிலென்றும் பாராமல், மூச்சு வாங்க வாங்கப் புத்தூரிலிருந்து வந்து, தானாகவே கையை நீட்டினார். பிடிக்காத ஒருவரிடம் யாராவது அப்படி வருவார்களா, ஐயா?