முன்சக்கரம் இழுக்காத வண்டி

“ஹலோ… ஹலோ! கல்லாறு பாலுசாமியண்ணன் டீக்கடைங்களா? …அண்ணா, நான் சஹீர். உக்கடம் ஒர்க்‌ஷாப்பு சஹீருங்க… ஆமாங்க, ஆமாங்க, ஜப்பான் வண்டிய ஓட்டிப் பார்க்க வந்து உங்க கடையில டீ குடிப்பமே, நானேதானுங்க… நல்லா இருக்கறனுங்ணா, அத விடுங்க. அந்த நீல வண்டி உங்க கடையத் தாண்டி மலையேறிருச்சுங்களா? …இன்னும் வல்லியா? அல்ஹம்துலில்லாஹ்!”

சஹீருக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, ரோட்டப் பார்த்துக்கிட்டே பேசுங்க. வண்டி வந்தா மறிச்சுப்போடோணும்… மில்லுக்காரர் கண்ணையா இருக்காரில்லீங்க, அவரு பையன் சாய்கிருஷ்ணாதான் ஓட்டிட்டு வர்றாரு… ஐயோ, போலீஸு கேஸெல்லாம் இல்லீங்ணா. தப்பு எம்பட கையில. அது நாலு சக்கரமும் இழுக்கற வண்டிங்க. எந்தச் சக்கரத்துக்கு எத்தனை இழுவைன்னு கம்ப்யூட்டர்ல ஒயர் மாட்டித்தான் வெக்கோணும். காலைல பின்சக்கரத்த மட்டும் பட்டறையில சோதனை உருளை மேல ஓட்டிப் பார்க்கறதுக்காக, முன்னாடி இழுவைய சுத்தமா நிறுத்திப்போட்டேன்… ஆமாங்க, திருப்பிப் போட்டேன். ஆனா வண்டியில அது ஏறவே இல்ல.”

எப்படி ஏறும்? ராகு காலம் பிறப்பதற்குள் வண்டி பட்டறையை விட்டு இறங்கியாக வேண்டும் என்று கண்ணையா தையத்தக்கா என்று குதித்தார். சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பெரிய மனிதர் வாயில் விழ வேண்டாமென்று சஹீரும் ஒயரைப் பிடுங்கிவிட்டான். வெகுநேரம் கழித்துத்தான் திரையைப் பார்த்தான். மாற்றத்தை வண்டியில் பதியலாமா, வேண்டாமா என்று கம்ப்யூட்டர் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. உடனே போனை எடுத்தான்.

“…செல்லுங்களா? அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன், கெடைக்கல. அவங்க ஊட்டுல கேட்டேன், காரமடையில பூசை முடிச்சுட்டு மேல போறாங்களாம்… அதென்னங்ணா சத்தம்? மழையா? கொட்டுதா? …யா அல்லாஹ். அண்ணா, கேளுங்க. நேர் ரோட்டுல ஒண்ணும் தெரியாது. நாலு சக்கரமும் புடிச்சுக்கும்னு நம்பி அவரு வளைவுல மிதிப்பாரு. பின்னாடி மட்டுந்தான் தள்ளும். ஈரத்துல வாலு சுத்துச்சுன்னா நேராப் பள்ளம்தானுங்க… ஆமா… ஆமா, அதேதான்…

என்னது? உறுமற சத்தமா? அதுதானுங்க! போனைக் கீழ வெச்சுப்போட்டு ஓடுங்க! நடு ரோட்டுல நில்லுங்க, ரெண்டு கையும் ஆட்டுங்க! ஓடுங்ணா!”

ரிசீவரை அந்தப் பக்கம் மேசையில் போட்டது கேட்டது. பிறகு மழை இரைச்சல். அதற்குள்ளிருந்து அவனே கைப்பட ஒழுங்கு செய்த இன்ஜின் நெருங்கி வந்தது, தணிந்தது. நின்றுவிட்டது, நிஜமாகவே நின்றுவிட்டது என்று சஹீருக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி ஒரு உறுமல். அது மெல்ல மெல்லத் தேய்ந்து, மழை மட்டும் மிஞ்சியது.

“ஹலோ… அண்ணா! நிறுத்தினாருங்களா? …என்ன? …சிரிச்சாரா? …வண்டியப் பார்த்து ஊரே கையாட்டுதே, நீங்களும் அந்த மாதிரின்னு நெனச்சு… அவரும் கையாட்டிப்போட்டுப் போயிட்டாரா?

…பக்கத்துல ஆரு? …சின்னப் புள்ளையா? ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு? …அது ஷ்ரவ்யாங்ணா. அவரு பொண்ணு.

…அதுவும் கையாட்டுச்சுங்களா?

…அண்ணா, அடுத்தாப்புல மேல பர்லியார்ல ஆராச்சும்… ஒரு கடை, ஒரு போன் நம்பரு… ஹலோ? அண்ணா? ஹலோ!”

மலைப்பக்கத்து லைன் போய்விட்டிருந்தது.