நீலக் கோடு

இல்லக்கா, துணி தைக்கக் குடுக்க வரல. அந்த டேப்பைக் கீழ வைங்க. உங்க காலைப் பத்திக் கேக்கத்தான் வந்தேன். போன வாரம் நாய் கடிச்சுதுன்னு களிம்பு வாங்கிட்டுப் போனீங்களாமே, மருந்துக்கடைக்காரர் சொன்னாரு. ஆமா, தெருநாய்ங்களுக்கு வெறிநோய் ஊசி போட வண்டி வருதில்ல, அதுல நானும் ஒருத்தன். ஊசி போட்ட நாய்க்கு முதுகுல நீலக் கோடு இழுக்குற ஆளு.

கொஞ்சம் உக்காந்துக்குறேன்கா. நான் தேடுற நாய் ஒண்ணு யாரையோ கடிச்சிருச்சுன்னு காதுல விழுந்ததுலேர்ந்து அஞ்சு நாளா ஒவ்வொரு தெருவா விசாரிக்கிறேன். காலு ரெண்டும் கழண்டு போச்சு. நீங்க பாட்டுக்குத் தைங்க, நான் பாட்டுக்குப் பேசுறேன்.

கடிச்சது செவலை நாய்தானே? இடது காது கிழிஞ்சது? ம்... அதேதான். அப்புறம் எங்கயாச்சும் கண்ணுல பட்டுச்சா? படலையா. எனக்கும் படல. சந்து பொந்து ஒண்ணு விடாம தேடிட்டேன்.

புண்ணு ஆறிடுச்சுங்கிறீங்க. ஆறும்கா. கிருமி புண்ணுலயே உக்காந்திருக்காதே, நரம்பு வழியா மெதுவா மேல ஏறும். தலைக்கு ஏறிட்டா எப்பேர்ப்பட்ட டாக்டரும் கையை விரிச்சிடுவாரு. அதுக்கு முன்னாடி ஊசி போட்டாத்தான் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவுனீங்களா? வெறும் தண்ணியிலயா. அடப் போங்கக்கா. சரி, போனது போகட்டும், இன்னும் நேரம் இருக்கு.

தொப்புளைச் சுத்திப் போடுறதெல்லாம் அந்தக் காலம். இப்போ கையிலதான். நாலஞ்சு தடவை போய்ட்டு வரணும், அவ்வளவுதான். நாள் பூரா ஊசியோட மல்லுக்கட்டுற நீங்களே ஊசிக்குப் பயந்தா எப்படி? சிரிச்சு மழுப்பாதீங்க.

தெரியுது, பள்ளிக்கூடச் சட்டை தலைக்கு மேல குவிஞ்சு கெடக்கு. திங்கக்கிழமை குடுத்தாகணும். நீங்களே இல்லாமப் போனா அதை யாரு தைப்பா? கோவிச்சுக்காதீங்க. வாய் தவறி வரல, தெரிஞ்சேதான் சொல்றேன்.

என்னது? நீலக் கோடு இருந்துச்சா. அதான் பயமில்லன்னு விட்டுட்டீங்களா.

ஐயோ அக்கா. கோடு போட்ட நாய் கடிச்சாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எங்க டாக்டரம்மா தொண்டை கிழியக் கத்துறாங்க. யாரு கேக்குறா? மாட்டு டாக்டர் பேச்சு மனுஷனுக்கு எதுக்குன்னு போயிட்டே இருக்காங்க. நீங்களும் அந்தக் கட்சிதானா?

எங்க வேலை எப்படின்னா, ஒருத்தர் வலையைப் போட்டு அமுக்குவாரு, டாக்டரம்மா ஊசி குத்துவாங்க, நான் பெயிண்ட் டப்பாவோட பக்கத்துல நிப்பேன். ஊசி முதல்ல, கோடு அப்புறம். அதான் முறை. ஆனா குத்துனதும் நாய் துள்ளும் பாருங்க, அப்போ பெயிண்ட் அது மேல எங்க விழுது? எல்லாம் என் சட்டை மேலதான். எங்க வீட்டுல துவைச்சுத் துவைச்சு அலுத்துப்போய், இனிமே நீயே துவைச்சுக்கோன்னுட்டா. அதனால வலையில அமுங்கிக் கெடக்கும்போதே முந்திக்கிட்டு ஒரு இழுப்பு இழுத்துடுவேன். நாலு வருஷமா இப்படித்தான். டாக்டரம்மா ரெண்டு தடவை திட்டுனாங்க. தலையாட்டிட்டு மறுபடி அதையேதான் செஞ்சேன். ஒண்ணும் ஆகலையேங்கிற திமிரு.

அந்தச் செவலைக்கும் அப்படித்தான் இழுத்தேன்கா. டாக்டரம்மா மருந்தை ஏத்திக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள வலையைப் பிச்சுக்கிட்டு ஓடிடுச்சு. விடுங்க, கோடு இல்லாத நாய்தானே, அடுத்த தடவை கண்டுபிடிச்சுக்கலாம்னாங்க. எல்லாரும் களைச்சுப் போயிருந்தோம். கோடு இருக்குன்னு நான் வாயைத் திறக்கல.

இன்னிக்குக் காலையிலதான் அவங்ககிட்டச் சொன்னேன். வேலை இருக்குமா போகுமா தெரியல, அது கெடக்கட்டும். அந்த நாய்க்கு ஊசியே போடலக்கா. எழுந்திரிங்க, மூணு மணிக்கு ஊசி ரூமைப் பூட்டிடுவாங்க.